பகிடிக்குக் கொடுத்த சீதனம்

இஞ்சாருங்கோ,

நாயாற்றிலிருந்து வள்ளங்கள் வைத்திருக்கிற ஒரு சம்மாட்டியார் நேற்று உங்களைத் தேடி வந்தார். ஈரச் சாக்கில் சுற்றிய வெற்றிலைக் கட்டும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கையில். தங்கள் ஊர்த் திருவிழாவுக்கு நீங்கள் வந்து பகிடி சொல்லிச் சிரிக்கவைக்க வேண்டுமாம். நீங்கள் போன செய்தி கடற்கரைப் பக்கம் இன்னும் எட்டவில்லை. நான் சொன்னதும் அந்த மனிசன் படியிலேயே இருந்துவிட்டார். கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தோளைக் குலுக்கிச் சிரித்தார். உடனே பதறிப்போய், "குறை நினையாதையுங்கோ தங்கச்சி, அந்தக் குடைக் கதை ஞாபகம் வந்திட்டுது" என்றார்.

"சிரியுங்கோ அண்ணை. அழுகிறதுக்கு இஞ்ச ஆள் கிடக்கு" என்றேன்.

கொண்டுவந்த வெற்றிலையைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்று மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது வீடு முழுக்க அந்த மணம்தான். சமையல் மணத்தைக்கூட அமத்திவிட்டது. இந்த மணம் வந்தால் நீங்கள் சேட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னறைக்கு வருவீர்கள். நேற்று வருவதற்கு ஆள் இல்லை. அதுதான் கொப்பியில் ஒற்றைத் தாளைக் கிழித்துக்கொண்டு இருந்துவிட்டேன். உங்களுக்கு நான் ஒருநாளும் கடிதம் எழுதியதில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் முகத்துக்கு நேரே வாயால் சொல்லி முடித்துவிடுகிறவள் நான்.

உங்களை எனக்குப் பேசியபோது என் ஐயா பளையில் எத்தனை வீட்டுப் படி ஏறி இறங்கினார் தெரியுமா? கலியாணத்துக்குச் சொல்லப் போகிற சாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் அரைமணித்தியாலம். "மாப்பிள்ளை ஆனையிறவு உப்பளக் கந்தோரிலை கிளாக்கர். பென்சன் உத்தியோகம்" என்று சொல்லும்போது ஐயாவின் கழுத்து ஒரு அங்குலம் நீளும் என்று அம்மா பகிடி பண்ணுவா. அந்தக் கழுத்துக்காகத்தான் கிளிநொச்சியில் வாய்க்கால் கரையோடு இந்த வயலையும் கல்வீட்டையும் சீதனமாகத் தந்தார். நீங்கள் காலை ரயிலில் உப்பளத்துக்குப் போவீர்கள், நான் வயலைப் பார்ப்பேன்.

முதல் வருஷமே எங்களுக்குள் சண்டை வந்தது. மழைக்குத்தான் சண்டை. நான் மழை வேண்டி நேர்த்தி வைக்கிறேன், நீங்கள் மழை வந்தால் உப்பு எல்லாம் கரைந்துபோகும் என்று மேகத்தைப் பார்த்து முகம் கறுக்கிறீர்கள். ஒரே சாமி அறையில் ஆளுக்கு ஒரு வேண்டுதல். அப்போதுதான் அந்தக் கதையை முதல்முதலில் சொன்னீர்கள். "பிள்ளையார் பாவம் இஞ்சாரும். ஆனையிறவுப் பாதையில நடுவில குந்தியிருக்கிறார். இந்தப் பக்கம் கமக்காரன் மழை கேக்கிறான், அந்தப் பக்கம் உப்புக்காரன் வெய்யில் கேக்கிறான். ஆள் குடையைப் பாதி விரிச்சு, பாதி மடிச்சு, கையுளைஞ்சுபோய் இருக்கிறார்." நான் சிரிக்கவில்லை. மூன்று நாளாகத் தண்ணீர் இல்லாத வயலைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு என்ன சிரிப்பு? ஆனால் அடுத்த நாள் நாற்று மேடையில் நிற்கும்போது, அந்தக் குடை ஞாபகம் வந்து தனியே நின்று சிரித்தேன். உங்களுக்குச் சொல்லவில்லை.

உப்பளத்தில் ஒரு பெரியவர் ஓய்வுபெற்ற நாளில், பிரியாவிடைக் கூட்டத்தில் உங்களைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் எழும்பி நின்று குடைக் கதையைச் சொன்னீர்களாம், அதோடு இன்னும் நாலைந்து. சாமான் கொடுக்கல் வாங்கலுக்காக அங்கே வந்திருந்த முல்லைத்தீவு முதலாளி ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். அடுத்த கிழமையே வெற்றிலையும் அச்சாரமுமாக எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"தம்பி, புதுக்கடை திறக்கிறன். ஆக்கள் வந்தாப் போதாது, வந்தவை நிண்டுபோக வேணும். நீங்கள் வந்து கதையுங்கோ."

"பாட்டுக் கச்சேரி வைக்கலாமே முதலாளி?"

"பாட்டுக்காரர் பாடி முடிய ஆக்கள் எழும்பிப் போயிடுங்கள். சிரிச்ச ஆக்கள் சிரிச்சதைப் பக்கத்தில நிக்கிறவருக்குச் சொல்லிக்கொண்டு நிக்குங்கள். எனக்கு வியாபாரம் தெரியும் தம்பி."

அன்றிரவு சாப்பிடும்போதுதான் சொன்னீர்கள்: "இவ்வளவு காலமும் சனம் என்னைப் பகிடிக்காகக் கூப்பிட்டது. இவர் என்னை வேலைக்காகக் கூப்பிட்டிருக்கிறார்." நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்டேன். உப்பளத்துக்காரனிடம் கேட்கிற கேள்வியா என்று நீங்களும் சிரித்தீர்கள். முல்லைத்தீவுக்குப் போய் வந்த பிறகு வேறு ஊர்களிலிருந்தும் வெற்றிலை வந்தது. ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தீர்கள். ஒருநாள் பின்னேர ரயிலில் வந்து இறங்கி, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "எழுதிக் குடுத்திட்டன்" என்றீர்கள்.

"என்னத்தை?"

"உப்பளத்தை."

நான் அடுப்படியில் அப்படியே இருந்துவிட்டேன். பென்சன் உத்தியோகத்தை விடுகிற மனிசரை எங்கள் சாதிசனத்தில் யாரும் கண்டதில்லை. விசர் பிடித்தவர்கள்கூட உத்தியோகத்தை வைத்துக்கொண்டுதான் விசராக இருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த அகப்பையை எறிந்தேன். அது உங்களில் படவில்லை. படாதபடி எறிந்தேனா, குறி தவறியதா என்று கடைசிவரை நீங்கள் கேட்டதில்லை, நானும் சொல்லவில்லை.

மற்ற ஆண்கள் வேலை விட்டால் வீட்டில் படுத்திருப்பார்கள். நீங்கள் அடுத்த நாள் விடிய எழும்பிச் சவரம் செய்து முழுகி, வெள்ளைச் சேட்டுப் போட்டு, எட்டு மணிக்கு முன்னறைக்குள் போய்க் கதிரையில் இருந்தீர்கள். மேசை வெறுமை. சுவரைப் பார்த்தபடி பன்னிரண்டு மணிவரை அப்படியே இருந்தீர்கள். பன்னிரண்டுக்கு எழும்பிக் குசினி வாசலில் வந்து நின்று, "வந்திட்டன்" என்றீர்கள். நான் எங்கே போனீர்கள் என்று கேட்டேன். "கந்தோருக்கு" என்றீர்கள்.

அன்றிலிருந்து அதுதான் நடைமுறை. அந்த நேரத்தில் உங்களோடு கதைக்கக் கூடாது. கிணற்றுக் கயிறு அறுந்தாலும் பன்னிரண்டு மணிவரை பொறுக்க வேண்டும். அயலட்டையில் யாராவது வந்து படலையில் நின்று, "அண்ணை நிக்கிறாரோ?" என்று கேட்டால், எங்கள் ஒரே மகள் "அப்பா கந்தோரிலை" என்பாள். படலையில் நிற்கிறவருக்கு யன்னலுக்குள்ளால் உங்கள் முதுகு தெரியும். அவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் வேறெங்கோ பார்ப்பேன். ஒருநாள் மகளுக்குக் காய்ச்சல் என்று என்னிடம் வந்து, "இண்டைக்கு லீவு எடுக்கட்டோ?" என்று கேட்டீர்கள். யாரிடம் லீவு கேட்கிறார் இந்த மனிசன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும், "சரி, எடுங்கோ" என்றேன்.

வெளியில் இன்னும் பெரும்பாடு. "உங்கட அவர் கூத்தில பபூனோ?" என்று கேட்பார்கள். இல்லை என்பேன். "பாட்டோ?" இல்லை. "வேஷம் போடுறவரோ?" இல்லை. "பின்ன என்னதான் செய்யிறார்?" எழும்பி நின்று கதைக்கிறார் என்றால், "அதைத்தானே நாங்களும் செய்யிறம்" என்பார்கள். மாரி காலத்தில் கலியாணம், திருவிழா ஒன்றும் இல்லை, வெற்றிலை கொண்டுவர ஆளில்லை. அந்த மாதங்களிலும் எட்டு மணிக்கு நீங்கள் சேட்டுப் போட்டுக்கொண்டு முன்னறைக்குப் போவீர்கள். நான் சேற்றில் நின்று நெல்லைப் பார்ப்பேன். எங்களைச் சாப்பிட வைத்தது நெல்லு. பொய் சொல்ல மாட்டேன், அந்தக் காலத்தில் உங்கள் வெள்ளைச் சேட்டைத் தோய்க்கும்போது எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

ஆனால் நிபந்தனைகளில் நீங்கள் அசையவில்லை. வெற்றிலை வைக்காமல் வாயால் கூப்பிட்டால் போக மாட்டீர்கள், சொந்தக்காரர் என்றாலும். இருக்கக் கதிரை தர வேண்டும். முதற் பந்தியில் சாப்பாடு. "மேளக்காரரைப் பின் பந்தியில இருத்துவியளோ?" என்று கேட்பீர்கள். வெற்றிலை வாங்கினால் மழையோ வெயிலோ போய் நிற்பீர்கள். ஒரு ஊரில் சொன்னதை அதே ஊரில் திரும்பச் சொல்ல மாட்டீர்கள். எல்லாம் தலைக்குள் இருந்தது. இன்னொன்றும் சொல்வீர்கள்: "திருப்பிச் சொல்ல ஏலாதவனைப் பற்றிச் சொல்லப்பிடாது. அது பகிடி இல்லை, அடி."

ஐயா முதலில் நம்பவில்லை. பிறகு வந்து நேரில் பார்த்தார். ஒருநாள் காலை நீங்கள் கந்தோரில் இருக்கும்போது, இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு, உங்களுக்குப் பக்கத்தில் இருந்து அவரும் சுவரைப் பார்த்தார். அரைமணித்தியாலம் போயிருக்கும். எழும்பி என்னிடம் வந்து, "பிள்ளை, அதில ஒண்டுமில்லை. சுண்ணாம்புதான் அடிக்கவேணும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பளைச் சந்தைக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். அம்மா வந்து சொன்னா. யாராவது "மருமோன் இப்ப என்ன செய்யிறார்?" என்று கேட்டால், ஐயா உடனே, "எங்கட மாட்டுக்குச் சுகமில்லை" என்று தொடங்கிவிடுவாராம். கேட்டவர் மாட்டு வைத்தியம் சொல்லத் தொடங்க, மருமகன் கதை அதோடு போய்விடுமாம். அதை உங்களுக்குச் சொல்லியிருக்கக் கூடாதுதான். வாய் சும்மா இருக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

கடைசியில் ஐயா நேராக வந்து சொல்லிவிட்டார். நீங்கள் வேறு ஊருக்குப் போயிருந்த நாள். "பிள்ளை, நான் குடுத்த சீதனம் உத்தியோகத்துக்குக் குடுத்தது. பகிடிக்குக் குடுத்ததில்லை. வயலைக் குத்தகைக்கு விடுவம். நீ மகளைக் கூட்டிக்கொண்டு என்னோட வா. அவர் ஒரு வேலையைத் தேடி எடுத்தாப் பிறகு பாப்பம்." அடுத்த மாதம் பளையில் ஐயாவின் தமையன், பெரியையாவின் மகளுக்குக் கலியாணம். அது முடிய வண்டிலோடு நிற்பதாகச் சொன்னார். கலியாண வீட்டிலிருந்தே என்னைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. உங்களில் எனக்கு அன்பும் பட்சமும் இருந்தது. ஆனால் ஊர் கேட்கிற கேள்விக்கு ஐயா மாட்டைச் சொல்லித் தப்பினார், நான் எதைச் சொல்லித் தப்புவது? நீங்கள் செய்வது வேலைதானா என்று எனக்கே அப்போது தெரியாது. நான் ஒரு சிரிப்பையும் நேரில் கண்டதில்லை. நீங்கள் சுவரைப் பார்த்ததை மட்டும்தான் கண்டேன்.

அந்த நேரம் பார்த்து வவுனியாவிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை கொண்டுவந்தார்கள். நல்ல நாள் சொன்னார்கள், ஊர் சொன்னார்கள். "எங்களுக்கு அந்த மாமனார் கதைதான் வேணும்" என்றார்கள். அப்போது எங்கு போனாலும் உங்களிடம் கேட்கிற கதை அது. மருமகனுக்கு ஒரு கண், காசுக்கு ஒரு கண் வைத்திருக்கிற மாமனார். நீங்கள் வெற்றிலையை வாங்கி அவர்கள் படலை தாண்டிய பிறகுதான், அது பெரியையா வீட்டுக் கலியாணம் என்று விளங்கியது.

"திருப்பிக் குடுங்கோ" என்றேன்.

"வெத்திலை வேண்டியாச்சு."

"அப்ப அந்தக் கதையை மட்டும் சொல்லாதையுங்கோ. முன் கதிரையில இருக்கப்போறது என்ர ஐயா!"

"அவை கேட்டது அதைத்தான். கேட்டதுக்குத்தான் வெத்திலை."

"அவர் பத்துப் பேருக்கு முன்னால எப்பிடி முகம் குடுப்பார்? அதுக்குப் பிறகு நான் உங்களோட எப்பிடி இருப்பன்?"

"ஓம்" என்றீர்கள். "அதைத்தான் யோசிக்க வேணும்." பிறகு முன்னறைக்குள் போனீர்கள். அந்தக் கிழமை ஞாயிற்றுக்கிழமையும் கந்தோர் நடந்தது.

கலியாணத்துக்குப் போகும்போது மகளின் உடுப்பை ஒரு பெட்டியில் அடுக்கினேன். என்னுடையதை அடுக்கவில்லை, வெளியிலும் வைக்கவில்லை, கட்டிலில் போட்டபடி விட்டுவிட்டு வந்தேன். நீங்கள் பெட்டியைக் கண்டீர்கள். கேட்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு ரயிலடிவரை நீங்கள்தான் நடந்தீர்கள்.

தாலி கட்டி முடிந்து, முதற் பந்தி முடிந்து, ஆட்கள் பந்தலுக்குள் வெற்றிலை போட்டுக்கொண்டு இருக்கிற நேரம். உங்களைப் பேச எழுப்பிவிட்டார்கள். ஐயா முன்வரிசையில், சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி இருந்தார். நான் பெண்கள் பக்கத்தில் மகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

நீங்கள் எழும்பி நின்று, "சாப்பாடு எல்லாருக்கும் காணுமோ?" என்று கேட்டீர்கள். ஓம் என்றார்கள். "அப்ப சிரிப்பியள். காணாட்டி நான் எழும்பினதே பிழை." அங்கங்கே சிரித்தார்கள். "மாமனார் கதை கேட்டிருக்கினம். ஆனால் இண்டைக்கு நான் என்ர பக்கம் கதைக்கேல்லை. மாமா பக்கம் கதைக்கப்போறன். ஞாயம் முழுக்க அவரிட்டத்தான் கிடக்கு. எடுத்துச் சொல்ல ஆள்தான் இல்லை."

ஐயாவின் கண் கூரையிலிருந்து இறங்கியது.

"மாமா மாப்பிள்ளை எடுக்கேக்க என்ன எடுத்தவர்? கிளாக்கர். மாதம் முடியச் சம்பளம், வயசு போனாப் பென்சன். இப்ப அவருக்கு என்ன கிடைச்சிருக்கு? மாப்பிள்ளை காலமை முழுகி வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு சுவரைப் பாக்கிறார். மாமா நல்ல மனிசன். தனக்குத்தான் விளங்கேல்லையோ எண்டு தானும் வந்திருந்து பாத்தார். அரைமணித்தியாலம் பாத்தார். சுண்ணாம்பு அடிக்க வேணும் எண்டு மட்டும் கண்டுபிடிச்சார்."

பந்தல் குலுங்கியது. பக்கத்தில் இருந்த மாமி என் தொடையில் அடித்துச் சிரித்தா. நான் ஐயாவைப் பார்த்தேன். முகம் கல்லாக இருந்தது, ஆனால் காதை உங்கள் பக்கம் திருப்பியிருந்தார்.

"சந்தையில சனம் சும்மா விடுமோ? மருமோன் என்ன செய்யிறார் எண்டு கேக்குது. பொய் சொல்லத் தெரியாத மனிசன் என்ன செய்வார்? எங்கட மாட்டுக்குச் சுகமில்லை எண்டுவார். இப்ப பளையில ஒருத்தருக்கும் என்ர தொழில் தெரியாது. ஆனால் எங்கட மாட்டின்ர வருத்தம் தெரியாத ஆள் இல்லை. ஒருத்தர் எண்ணெய் கொண்டுவந்தார். ஒருத்தர் அம்மனுக்கு நேத்தி வைச்சார். பாவம், அந்தச் சீவனுக்கு வயித்தில ஏதோ எண்டு..."

"வயித்தில இல்லைத் தம்பி. காலில."

ஐயாதான். கதிரையில் இருந்தபடி, பிழையான விலையைத் திருத்துகிற மாதிரிச் சொன்னார். பகிடி விடுகிற எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. மாட்டுக்குக் கால் வருத்தம் என்று அவ்வளவு நாளாகச் சொல்லிவந்ததை, யாரோ வயிறு என்று மாற்றுவதைப் பொறுக்கமுடியவில்லை, அவ்வளவுதான்.

பிறகு வந்ததே ஒரு சிரிப்பு. நான் அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் கேட்டதில்லை. ஆண்கள் பக்கத்தில் ஒருவர் கதிரையோடு சரிந்தார். குருக்கள் வாயைச் சால்வையால் பொத்தினார். பெரியையா வந்து ஐயாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "எட அறுவானே, நானும் அந்த மாட்டுக்கு மருந்து சொன்னனானடா!" என்று கண்ணீர் வரச் சிரித்தார். ஐயா முதலில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சிரிப்பு தன்னைச் சுடவில்லை, தன்னிடமிருந்துதான் போகிறது என்று மெல்ல விளங்கியிருக்க வேண்டும். சால்வையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. நீங்கள் கை கூப்பி, "மாமா சொன்னால் சரிதான்" என்றுவிட்டு அடுத்த கதைக்குப் போனீர்கள். நான் மகளை இறுக்கி அணைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். வெட்கமில்லாமல், வாய்விட்டு. நீங்கள் அந்தச் சுவரில் என்னத்தைத் தேடினீர்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

எல்லாம் முடிய, வண்டில் வாசலில் நின்றது. ஐயா வந்தார். நான் பெட்டியோடு நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, நேரே உங்களிடம் வந்தார்.

"தம்பி, நான் ஒண்டு சொல்லுவன், கோவிக்கப்பிடாது."

"சொல்லுங்கோ மாமா."

"நான் காலில எண்டு சொன்னாப் பிறகு சனம் சிரிச்சு முடியேல்லை. அதுக்குள்ள நீ மற்றக் கதையைத் தொடங்கிட்டாய். அது பிழை. அது முடியும் மட்டும் வாயைத் திறக்கப்பிடாது."

நீங்கள் வாயைத் திறக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். உங்கள் கண் கலங்கியதை நான் கண்டேன். "ஓம் மாமா" என்றீர்கள். "இனிப் பொறுக்கிறன்."

"பின்ன?" என்றார் ஐயா. "செய்யிற வேலையைத் திருத்தமாச் செய்ய வேணும்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ என்ன பிள்ளை விறைச்சுப்போய் நிக்கிறாய்? மழை இருட்டுது. ஏறுங்கோ, வண்டில் ரயிலடியில விடும்" என்றார். மூவரும் அந்த வண்டிலில் ஏறினோம். மகளின் பெட்டியை நீங்கள் மடியில் வைத்திருந்தீர்கள். ஐயா சொன்னதில் வேலை என்று ஒரு சொல் வந்ததை நீங்கள் கவனித்தீர்களோ தெரியாது, நான் கவனித்தேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கும் கந்தோரில் இடம் கிடைத்தது. பன்னிரண்டு மணிக்குக் குசினி வாசலில் நின்று, அன்றைக்கு உண்டாக்கியதை எனக்குச் சொல்லிக் காட்டுவீர்கள். ஒரு கட்டளை போட்டீர்கள்: "பட்சத்துக்குச் சிரிக்கப்பிடாது. அடக்க ஏலாமல் வந்தால் மட்டும் சிரியும்." நானும் ஒருநாளும் சும்மா சிரிக்கவில்லை. கீரையைக் கடைந்துகொண்டே கேட்பேன். "நீளம்" என்பேன். "இது ஆம்பிளையளுக்கு மட்டும்தான் சிரிப்பு, பொம்பிளையள் முகத்தைச் சுளிப்பினம்" என்பேன். நீங்கள் கோபித்ததில்லை. திரும்பிப் போய், அடுத்த நாள் இரண்டு வசனம் குறைத்துக்கொண்டு வருவீர்கள். ஏலாமல் சிரிப்பு வந்து நான் அகப்பையைக் கீழே வைத்த நாட்களில், நீங்கள் மகள் பிறந்த நாளைப்போல முகம் மலர்ந்து போவீர்கள். அப்படியே பதினைந்து வருஷத்துக்கு மேல் போய்விட்டது. மகளைப் படிப்பித்தோம். பகிடி நெல்லுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தது, சில வருஷம் நெல்லைத் தூக்கியும் விட்டது.

நெஞ்சு வருத்தம் வந்து உங்களை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது, ஒரு பின்னேரம் நான் கஞ்சி கொண்டுவந்தேன். நீங்கள் தலையணையில் சாய்ந்திருந்தீர்கள். குரல் மெலிந்திருந்தது. "புதுசு ஒண்டு இருக்கு, கேளும்" என்றீர்கள்.

"டொக்டர் வந்து சொன்னார்: 'இனி ஆறு மாதத்துக்கு ஒரு வேலையும் செய்யப்பிடாது. சும்மா இருந்து சுவரைப் பாத்துக்கொண்டிருக்க வேணும்.' நான் சொன்னன்: 'ஐயா, அதுதான் என்ர வேலை. அதுக்குத்தான் சனம் வெத்திலை வைக்குது, கதிரை தருது, முதற் பந்தியில சோறு போடுது.'"

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டே யோசித்தேன்.

"கடைசி வசனம் கூடிப்போச்சு" என்றேன்.

நீங்கள் கண்ணை மூடி வாய்க்குள் சொல்லிப் பார்த்தீர்கள். "ஓம் போல கிடக்கு" என்றீர்கள். "நாளைக்கு எடுத்துப்போட்டுச் சொல்லிக் காட்டுறன்." விடிவதற்கு முன்னமே ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து எங்களைக் கூப்பிட்டது.

அந்த நேரத்தில் ஒரு சிரிப்புச் சிரித்திருக்கலாமே என்று மகள் அழுதாள். நான் அப்படி நினைக்கவில்லை. சும்மா சிரித்திருந்தால் நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். உங்களைச் சாகப்போகிற ஆளாக நடத்துகிறேன் என்று அப்போதே தெரிந்திருக்கும். நான் உங்களை வேலை செய்கிற ஆளாகத்தான் கடைசிவரை நடத்தினேன். அதில் எனக்குத் துக்கமில்லை. மற்றது எல்லாவற்றிலும் இருக்கிறது.

முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டி அன்று பந்தி முடிந்து எல்லோரும் முற்றத்துப் பந்தலில் இருந்தார்கள். வவுனியாப் பக்கத்திலிருந்து வந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர் ஐயாவிடம், "மருமோன் என்ன தொழில் பாத்தவர்?" என்று கேட்டார்.

"பகிடி சொன்னவர்" என்றார் ஐயா.

"அதில்லை அண்ணை. தொழில்?"

"அதுதான் தொழில்."

அவருக்கு வயது போய் உடம்பு கூனிவிட்டது, ஆனால் அதைச் சொல்லும்போது கழுத்து நிமிர்ந்துதான் இருந்தது. அந்த மனிசர் என் பக்கம் திரும்பி, செத்த வீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "கடைசியா என்ன சொன்னவர் பிள்ளை?"

மகளைப் பார்த்துக்கொள் என்றோ, முருகா என்றோ நீங்கள் சொல்லியிருப்பீர்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டு, பெண்கள் சேலைத் தலைப்பைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்கள். நான் எழும்பினேன். ஏன் எழும்பினேன் என்று தெரியாது. இருந்து சொல்கிற விஷயமாகப் படவில்லை.

"டொக்டர் சொன்னார், இனி ஆறு மாதத்துக்கு ஒரு வேலையும் செய்யப்பிடாது, சும்மா இருந்து சுவரைப் பாத்துக்கொண்டிருக்க வேணும் எண்டு. இவர் சொன்னார், ஐயா, அதுதான் என்ர வேலை எண்டு."

அதோடு நிறுத்தினேன்.

முதலில் ஐயாவிடமிருந்துதான் வந்தது, மூக்கால் ஒரு சத்தம். பிறகு படலையில் நின்று உங்கள் முதுகை எத்தனையோ தரம் பார்த்த அயலவர்கள். பிறகு எல்லோரும். அழுதுகொண்டே சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு, அது முழுவதும் முடியும்வரை வாயைத் திறக்காமல் நின்றேன். பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். நீங்கள் போன நாளில்கூட நான் அப்படி அழவில்லை.

உங்கள் கதைகளில் எனக்கு முழுதாகப் பாடமானது அது ஒன்றுதான். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் கேட்டால் எழும்பி நின்று அதைத்தான் சொல்கிறேன். இன்னும் ஒருவரும் சிரிக்காமல் போனதில்லை. நீங்கள் கேட்க வேண்டுமென்று எனக்கு ஆசையாக இருக்கிறது. அந்தக் கடைசி வசனம் உண்மையிலேயே தேவையில்லை, இஞ்சாருங்கோ.